பூட்டுப் போடாத மென்பொருள்: வாசகர் கேள்வி – பதில்

திறந்த மூல மென்பொருள், அதாவது உள்ளே உள்ள நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருள் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் தோட்டப் பாடசாலையில் 12 பழைய கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வின்டோஸ் 10, 4 ஜிபி ரேம். புதிய வின்டோஸ் ஏறாது என்கிறார்கள். லினக்ஸ் போட்டால் ஓடுமா? பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்காதா?
*ஆசிரியை, ஹட்டன்*

ஓடும். வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியைப் பிள்ளைகள் கையில் இணையத்தோடு கொடுப்பது சரியில்லை.

லினக்ஸ் என்பது வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய திறந்த மூல இயங்குதளம், அதில் பல வகை உண்டு. 4 ஜிபி ரேமுக்கு நாங்கள் சொல்வது லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 64 பிட் புரொசசர், குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி வட்டிடம் இருந்தால் அது ஏறும். மெனு இடது மூலையில், பட்டை கீழே என்று வின்டோஸில் பார்த்த இடத்திலேயே எல்லாம் இருப்பதால், ஒரு பாட நேரத்தில் பிள்ளைகளின் கை பழகிவிடும். ஆவணங்களுக்கான லிப்ரே ஒபிஸ், இணையம் பார்க்க ஃபயர்பொக்ஸ் இரண்டும் கூடவே வருகின்றன. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்கு வேண்டிய பைதன் நிரல் மொழியும் உள்ளேயே இருக்கிறது.

நிறுவல் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் ஒரு முறை இறக்கினால் 12 கணினிக்கும் அதுவே போதும். இறக்கியதும் அது முழுமையாக வந்ததா என்று பாருங்கள். மின்ட் தளத்தில் கோப்புக்குப் பக்கத்தில் எஸ்எச்ஏ-256 என்று 64 குறிகள் கொண்ட ஒரு சரம் தந்திருப்பார்கள். வின்டோஸில் 7-ஜிப் என்ற சுருக்க மென்பொருள் இருந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கி அதே சரத்தைக் கணக்கிடலாம். ஒரு குறி மாறியிருந்தாலும் திரும்ப இறக்க வேண்டும். அரைகுறைக் கோப்பை வைத்துக்கொண்டு, பாதியில் நிற்கும் நிறுவலோடு ஒரு நாள் முழுக்கப் போராடுகிறவர்கள் அதிகம். பிறகு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

உடனே நிறுவ வேண்டாம். பென்டிரைவிலிருந்தே மின்ட்டை இயக்கிப் பார்க்கலாம், வட்டில் எதுவும் மாறாது. கணினி தொடங்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். அந்த நிலையிலேயே வைஃபை, ஒலி, புரொஜெக்டர், பிரின்டர் நான்கையும் சோதியுங்கள். இடறுவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை குச்சி. அது வேலை செய்யாவிட்டால் ஃபோனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் வசதியைப் போட்டு, மின்ட்டின் டிரைவர் மேலாளரைத் திறந்து பாருங்கள். மற்றது, கெனனின் சில பழைய லேசர் பிரின்டர்கள். எச்பி லேசர்களுக்கும் எப்சன் டாங்கி வகைகளுக்கும் பொதுவாகச் சிரமமில்லை.

பழைய கணினியில் தாய்ப்பலகையின் சிஆர்2032 பற்றரி செத்திருக்கும். மின்சாரம் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும், பிறகு எந்த இணையத்தளமும் சான்றிதழ் பிழை என்று சொல்லித் திறக்காது. லினக்ஸில்தான் கோளாறு என்று நினைத்துத் திரும்ப நிறுவாதீர்கள். பற்றரியை மாற்றினால் சரியாகிவிடும்.

12 கணினியும் தனித்தனியாகப் புதுப்பித்துக்கொண்டால் டேட்டா தாங்காது. 500 எம்பி திருத்தம் 12 தடவை இறங்கினால் 6 ஜிபி. ஆசிரியர் கணினியில் மட்டும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறு மென்பொருளை நிறுவி, மற்ற 11 கணினிகளையும் அதன் 3142ஆம் இலக்க வாயிலூடாக (port) மென்பொருள் பொதிகளை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை இறங்கியது அங்கேயே இருக்கும், மற்ற கணினிகள் பாடசாலைக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு கணினியில் மட்டும் இதைச் செய்து ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

ஏதாவது ஒன்றில் வின்டோஸையும் வைத்திருக்க விரும்பினால் முதலில் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்துங்கள். அது இருந்தால் வின்டோஸ் முழுமையாக அணைவதில்லை. லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் வாசிக்க முடியும், எழுத முடியாது. பணம் கொஞ்சம் கிடைத்தால் ரேமுக்கு முன் எஸ்எஸ்டி எனும் வேகமான வட்டு வாங்குங்கள். பழைய கணினியில் வேறெந்தச் செலவும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது.

சங்கத்தின் 15 வருட அறிக்கைகள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றினால் நடுவில் நடுவில் 'இ' வந்து நிற்கிறது. ஏன்?
*செயலாளர், பண்டாரவளை*

பாமினி என்பது பழைய தமிழ் எழுத்துரு. அது உண்மையில் தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, அவற்றுக்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. 'தமிழ்' என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் கோப்பில் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்து அந்த ஐந்தும் அப்படியே தெரிகின்றன. பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம், பழைய அறிக்கையை வாசித்து அச்சிட அது போதும். ஆனால் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, கைபேசியில் அனுப்ப முடியாது. தமிழுக்கென்றே தனிக் குறிகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது.

அந்த 'இ'க்குக் காரணம் இதுதான்: பாமினியில் காற்புள்ளியின் இடத்தில்தான் 'இ' இருக்கிறது. ஆவணத்தில் சில காற்புள்ளிகள் ஆங்கில எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கும். மாற்றும் மென்பொருள் அதை அறியாமல் எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டு 'இ' ஆக்கிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சிதைவதும் இதனால்தான். எழுத்துரு பாமினியாக உள்ள பகுதிகளை மட்டும் மாற்றினால் இந்தச் சிக்கல் வராது.

ஐந்தாறு ஆவணம் என்றால் லிப்ரே ஒபிஸில் கையாலேயே செய்யலாம். தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, வடிவமைப்பில் எழுத்துருவைப் பாமினி என்று கொடுத்து, எல்லாவற்றையும் தேடச் சொன்னால் அந்தப் பகுதிகள் மட்டும் தெரிவாகும். அவற்றுக்கு வேறு நிறம் கொடுத்துவிட்டால் எதை மாற்ற வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். நூற்றுக்கணக்கில் இருந்தால் பைதன் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல நிரலகத்தில் (மற்ற நிரல்கள் எடுத்துப் பாவிக்கும் நிரல் தொகுப்பு) பாமினியை யூனிகோடாக்கும் பகுதி உண்டு. பைதன்-டொக்ஸ் என்ற நிரலகத்தால் ஆவணத்தைத் துண்டு துண்டாகத் திறந்து, எழுத்துரு பாமினியாக உள்ள துண்டை மட்டும் அதற்குக் கொடுக்கலாம். எழுத்துரு துண்டில் குறிக்கப்படாமல் பத்திப் பாணியில் இருந்தால் அதன் பெயர் வெறுமையாக வரும், அப்போது பாணியைப் பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காத நிரல் பாதி ஆவணத்தை மாற்றாமல் விட்டுவிடும்.

மாற்றிய பிறகு இன்னொரு படி இருக்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் 'க' உடன் ஒரே குறியாகவும் சேர்க்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஒரு விதமாகத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். என்எஃப்சி எனும் இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், பைதனில் அது ஒரு வரி வேலை. ஆனால் 'ஔ' எழுத்தை 'ஒ' உம் 'ள' உம் சேர்த்துத் தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் திருத்தாது. அதைத் தனியே தேடித்தான் திருத்த வேண்டும்.

இனிமேல் தட்டச்சுக்கு, இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையைப் பழகுங்கள். பாமினி பழகிய விரலுக்கு அது அந்நியமாக இராது. லினக்ஸில் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவினால் உள்ளீட்டு முறைகளின் பட்டியலில் வரும். பழைய கோப்புகளை அழிக்க வேண்டாம், அவற்றின் பிரதி ஒன்று இரண்டு இடங்களில் இருக்கட்டும்.

நான் உயர்தர மாணவன். நிரல் எழுதப் படிக்கிறேன். எங்கள் லயத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். கிட்டில் ஒரு திட்டத்தை இறக்கினால் 80 வீதத்தில் அறுந்து முதலிலிருந்து தொடங்குகிறது.
*தலவாக்கலை வாசகர்*

கிட் என்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்திருக்கும் மென்பொருள். திட்டத்தைப் பிரதி எடுக்கும் அதன் குளோன் கட்டளை அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. அது அதன் இயல்பு, உங்கள் பிழையில்லை. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியபோது ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் 10 வருட மாற்றங்கள் முழுதும் இறங்குகின்றன. படிப்பதற்கு வரலாறு வேண்டாம். குளோன் கட்டளையோடு டெப்த் 1 என்று சேர்த்தால் கடைசி நிலை மட்டும் வரும், நூற்றுக்கணக்கான எம்பி சில எம்பியாகச் சுருங்கலாம். வரலாறு பின்னால் தேவைப்பட்டால் இரவு டேட்டாவில் ஃபெட்ச் கட்டளையோடு அன்ஷாலோ என்று கொடுத்து மீதியை எடுக்கலாம். நல்ல இணைப்புள்ள நண்பர் ஒருவர் நகரத்தில் இருந்தால் இன்னும் சுலபம்: அவர் கிட் பண்டில் கட்டளையால் முழுத் திட்டத்தையும் ஒரே கோப்பாகக் கட்டிப் பென்டிரைவில் தரலாம். அந்தக் கோப்பிலிருந்தே நீங்கள் குளோன் செய்யலாம்.

பைதன் நிரலகங்களுக்கும் வழி உண்டு. அவற்றை நிறுவும் பிப் கருவியில் பிப் இன்ஸ்டால் என்பதற்குப் பதில் பிப் டவுன்லோட் என்று கொடுத்து ஒரு கோப்புறையில் சேர்த்துக்கொண்டு வந்து, வீட்டில் இணையமில்லாமல் நிறுவலாம். இறக்கிய கணினியும் நிறுவும் கணினியும் ஒரே இயங்குதளம், ஒரே பைதன் பதிப்பாக இருக்க வேண்டும். 3.10இல் எடுத்தது 3.12இல் ஏறாமல் போகலாம்.

ஆவணங்களையும் கையோடு வைத்திருங்கள். பைதன் கையேடு முழுவதும் ஒரே சுருக்கக் கோப்பாகக் கிடைக்கிறது. ஸீல் என்ற மென்பொருள் பல நிரல் மொழிகளின் கையேடுகளை இணையமில்லாமல் திறக்கும். கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக வைத்திருக்கலாம்.

நிரல் எழுதுவதற்கு தொனி (Thonny) என்ற மென்பொருள் போதும். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்பகாரர்களுக்கென்று உருவானது, பைதனும் அதனுள்ளேயே வருகிறது. ஒவ்வொரு வரியாக ஓடவிட்டு மாறிகளின் மதிப்பு மாறுவதைப் பார்க்கலாம். வகுப்பறையில் சோக்குக் கட்டியால் விளக்குவதைவிட இது நன்றாக மனதில் பதியும். கணினியே இல்லாத பிள்ளைகள் அன்ட்ரொய்ட் ஃபோனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். அதையும் அதன் துணைச் செயலிகளையும் திறந்த மூலச் செயலிகளின் களஞ்சியமான எஃப்-ட்ரொய்டிலிருந்தே எடுங்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தால் செயலிகளின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் நிறுவ மறுக்கும்.

இலவசமாகக் கிடைப்பதை எப்படி நம்புவது? உள்ளே யாராவது எதையாவது வைத்திருந்தால்?
*மஸ்கெலியா, பதுளை வாசகர்கள்*

வைக்க முயன்றிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு, அதாவது இரகசியமாக உள்ளே நுழையும் வழி, இருந்தது வெளிவந்தது. அதைப் பராமரித்தவர் ஏறக்குறையத் தனி ஆள், களைத்துப்போனவர். உதவிக்கு வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை பெற்று, பிறகுதான் நஞ்சை வைத்தார். கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூட எடுப்பதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்தார். மூலம் திறந்திருந்ததால் அவரால் பார்க்க முடிந்தது. அதே வேளை, மூலம் திறந்திருக்கிறது என்பதாலேயே யாராவது பார்த்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

நீங்கள் செய்யக்கூடியவை: புத்தம் புதிய பதிப்பின் பின்னால் ஓடாமல் டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்பில் இருங்கள். எக்ஸ்இஸட் நஞ்சு டெபியனின் நிலையான பதிப்பை எட்டவே இல்லை. மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ மின்ட்டின் மென்பொருள் மேலாளரிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஒரு நிரலகத்தைச் சார்ந்து எதையாவது கட்டுமுன், கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், வழு (மென்பொருள் பிழை) முறைப்பாடுகளுக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள்.

பூட்டு உடைத்த விலை மென்பொருளை கொமியூனிகேஷன் கடையில் பென்டிரைவில் வாங்கி, வைரஸ் காவலை நிறுத்திவிட்டு நிறுவுகிறவர்கள்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்குமே வழியில்லை.

கோவில் திருவிழாவுக்கு பெனர் செய்ய இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைப் பாவிக்கிறேன். அச்சகத்தில் எழுத்து மாறிப்போகிறது.
*கொட்டகலை வாசகர்*

அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. கொடுக்குமுன் எழுத்துகளைத் தெரிவு செய்து, பாத் மெனுவில் ஒப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். எழுத்து வெறும் கோடாகிவிடும், எங்கும் மாறாது. திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் முதலே சேமியுங்கள். பெரிய பெனருக்குள் வைக்கும் படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 100 புள்ளி இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்துச் சிறு தேயிலைக் காணிக்காரர்களின் கொழுந்து நிறையைப் பதிய பைதனில் ஒரு நிரல் எழுதினேன். மற்ற ஊர்களுக்கும் பயன்படும் என்று இணையத்தில் போட நினைக்கிறேன். எந்த உரிமம்?
*இளைஞர், ஹாலி-எல*

முதலில், உரிமமே போடாமல் விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. உரிமக் கோப்பு இல்லாவிட்டால் எல்லா உரிமையும் உங்களுக்கே. யாரும் பார்க்கலாம், ஆனால் பிரதி எடுத்துப் பாவிக்க அனுமதி இல்லை. நல்ல மனதோடு போட்டும் பயனில்லாமல் போகும்.

எம்ஐடி உரிமம் போட்டால் உங்கள் பெயரை வைத்துக்கொண்டு யாரும் என்னவும் செய்யலாம், மூடிய மென்பொருளாக்கி விற்கலாம். ஜிபிஎல் போட்டால், மாற்றி மற்றவருக்குக் கொடுப்பவர் மூலத்தையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். இணையச் சேவையாக மட்டும் ஓடவிட்டால் ஜிபிஎல் அதைப் பிடிக்காது, ஏஜிபிஎல் பிடிக்கும். உங்கள் நிரலுக்கு எங்கள் தெரிவு ஜிபிஎல்லின் 3ஆம் பதிப்பு. கொழுந்துக் கணக்கு என்பது கூலிக் கணக்கு. யாருடைய நிறையை அது எப்படிக் கணக்கிடுகிறது என்பதை அவர்கள் பார்க்கக்கூடியதாகவே கடைசி வரை இருக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது, அந்த வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை வேலை தருபவருக்குப் போகும். அப்படியானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அதே காரணத்துக்காக, தராசு காட்டிய நிறை அட்டவணையின் ஒரு நெடுவரிசையிலும், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது இன்னொரு நெடுவரிசையிலும் பதிவாகட்டும். கழித்த பின் வரும் எண்ணை மட்டும் வைத்தால் பிறகு யாரும் சரிபார்க்க முடியாது. கிலோவைத் தசமத்தில் சேமிக்க வேண்டாம். பைதனில் 0.1 உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஏனெனில் 0.1ஐ இரும எண்ணில் சரியாக எழுத முடியாது. ஒரு மாதக் கூட்டலில் இது சதக் கணக்கில் இடித்துச் சண்டையில் முடியலாம். நிறையைக் கிராமாகவும் பணத்தைச் சதமாகவும் முழு எண்ணில் வைத்து, காட்டும்போது மட்டும் வகுத்துக் காட்டுங்கள்.

இணையத்தில் போடுமுன் தரவுத்தளக் கோப்பு, தேசிய அடையாள அட்டை இலக்கம், கைபேசி இலக்கம், கடவுச்சொல் எதுவும் உள்ளே இல்லை என்று பாருங்கள். முன்பு கிட்டில் சேர்த்துவிட்டுப் பிறகு நீக்கியிருந்தாலும் வரலாற்றில் அது இருக்கும், யாரும் தோண்டி எடுக்கலாம். சுத்தமான கோப்புகளை மட்டும் ஒரு புதிய கோப்புறையில் வைத்துக் கிட்டை முதலிலிருந்து தொடங்குவதே சுலபம். கூடவே கற்பனைப் பெயர்களோடு பத்து வரி மாதிரித் தரவும், எப்படி நிறுவுவது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கமும் சேருங்கள். அந்தப் பக்கம் இல்லாத நிரலை வேறு ஊரில் யாரும் தொடமாட்டார்கள்.

நானும் பங்களிக்க ஆசை. ஆங்கிலம் சுமார்தான், நிரலும் இப்போதுதான் படிக்கிறேன். எங்களைப் போன்றவர்களால் முடியுமா?
*நுவரெலியா வாசகி*

முடியும். இந்த நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருள் 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருதைப் பெற்றது. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கூகுளின் கோடை நிரலாக்கத் திட்டத்தில் முதல் பத்து ஆண்டுகளின் மொத்தக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். 2022 முதல் அத்திட்டத்தில் சேரப் பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டியதில்லை, 18 வயதான ஆரம்பகாரர்களும் விண்ணப்பிக்கலாம்.

நிரல் எழுதுவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. தமிழில் எழுத்து உடைகிறது, தேடல் அகப்படவில்லை என்றால் வழு முறைப்பாடு எழுதுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற ஆறும் இருந்தால் போதும். ஆங்கிலம் எளிமையாக இருப்பதே நல்லது. கணினித் திரையைப் பிடித்த படம் ஒன்றும், சிக்கல் வரும் தமிழ்ச் சொல்லை எழுத்தாகவும் சேருங்கள். படத்திலிருந்து தமிழைத் தட்டிச் சோதிக்க அவர்களுக்குத் தெரியாது. எழுதுமுன் அதே முறைப்பாடு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பில் லிப்ரே ஒபிஸ் வெப்லேட் மூலமும், ஃபயர்பொக்ஸ் பொன்டூன் மூலமும் வேலை எடுக்கின்றன. ஒரு நாளுக்கு 10 வரி போதும். முதலில் அந்தத் திட்டத்தின் சொற்பட்டியலைப் பாருங்கள். ஒரே மெனுவில் ஓரிடத்தில் 'சேமி', இன்னோரிடத்தில் 'பதிவு செய்' என்று வந்தால் பாவிப்பவர் குழம்பிவிடுவார். இங்கே நாம் சொல்லும் சொல்லும் தமிழ்நாட்டில் சொல்வதும் வேறுபடும் இடத்தில், மாற்றாமல் முதலில் கேள்வியாக எழுப்புங்கள்.

குரல் கொடுக்க விரும்பினால் மொசில்லாவின் கொமன் வொய்ஸ் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியத்தைத் தமிழில் வாசித்துப் பதிந்தால், அது யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய பொதுச் சொத்தாகச் சேர்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்கள் இவ்வாறான தொகுப்புகளில்தான் பழகுகின்றன. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பேசும் தமிழ் அந்தத் தொகுப்பில் இல்லாவிட்டால் நம் அம்மாவின் பேச்சை ஃபோன் எப்படிப் புரிந்துகொள்ளும்? மழை தகரத்தில் அடிக்காத நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, வீட்டில் பேசுகிற உங்கள் உச்சரிப்பிலேயே வாசியுங்கள். வாசித்து முடிந்ததும் மற்றவர்களின் பதிவுகளைக் கேட்டுச் சரி பிழை சொல்லும் பகுதிக்கும் போங்கள், அங்கேயும் ஆள் தேவை.